ஹெப்சிபாவின் கம்பியில் பழுதில்லை

ஹெப்சிபா எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் மனிதர்களைப் பார்க்க மாட்டாள். கூரையைப் பார்ப்பாள். அப்புறம் சுவர் மூலை, ஜன்னலுக்கு மேல்புறம், மின்சாரப் பெட்டி, கதவு நிலை. கடைசியாகத்தான் நம் முகம். முதல்முறை எங்கள் கல்லூரிக்கு வந்தபோது நான் எழுந்து நின்று வணக்கம் சொன்னேன். அவள் என் தலைக்கு மேலே பார்த்தபடி, "இந்தச் சீலிங்குக்கு மேல எலி இருக்கு சார்" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபத்தாறு வருஷமாக அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியாத எலியா? மறுநாள் பலகையைக் கழற்றிப் பார்த்தால் குடும்பத்தோடு இருந்தது.

என் பெயர் சுந்தர்ராமன். பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் கணினி ஆய்வகத்துக்குப் பொறுப்பு. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், தைரியம் அவ்வளவு சீக்கிரம் வராது. இது ஹெப்சிபாவின் கதை. நான் ஓரமாக நின்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் நடுவில் நானே வந்து விழுந்து கிடக்கிறேன், என்ன செய்ய?

அவள் தொழில் கட்டடங்களுக்குள்ளும் வெளியிலும் கம்ப்யூட்டர்களுக்கு ஒயர் இழுப்பது. சுவருக்குள், கூரைக்கு மேலே, மண்ணுக்கு அடியிலே. வேலை சரியாக இருந்தால் அப்படி ஒருத்தி வந்துபோனதே யாருக்கும் தெரியாது. கோளாறு வந்தால் மட்டும் ஊரே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். இப்படி ஒரு தொழிலை யாராவது விரும்பிச் செய்வார்களா என்று ஒருமுறை கேட்டேன். "தண்ணி வரும்போது குழாய யாரு சார் நெனைக்கா? வருதுலா, அது போதும்" என்றாள்.

வயது நாற்பத்திரண்டு. சமாதானபுரத்தில் வீடு, கிறிஸ்தவக் குடும்பம். கணவர் ஜாஸ்பர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். பாலிடெக்னிக் முடித்ததும் வண்ணார்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடுகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஒருநாள் கடையின் ஒயர்காரர் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர் வாசலில் நின்று கத்துகிறார். முதலாளி தலையைச் சொறிகிறார். இவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். இறங்கும்போது ஒயர்காரரின் வேலை போயிருந்தது. இதைச் சொல்லும்போது அவளுக்கு இன்றைக்கும் கொஞ்சம் வருத்தம் உண்டு. கொஞ்சம்தான்.

அந்தக் கடையில்தான் அவள் வாழ்க்கையிலேயே பெரிய அடியும் பட்டது. பேட்டையில் ஓர் அரிசி ஆலை. ஆலை ஒரு கட்டடம், அலுவலகம் எதிரே இன்னொரு கட்டடம். இரண்டுக்கும் நடுவே சாதாரணச் செம்பு ஒயரை மரத்துக்கு மரம் கட்டி இழுக்கச் சொன்னார் முதலாளி. கட்டடம் விட்டுக் கட்டடம் செம்பு போகக்கூடாது, இடி இறங்கினால் இரண்டு பக்கமும் போய்விடும், ஃபைபர் என்கிற கண்ணாடி இழைதான் போட வேண்டும் என்று அவள் சொன்னாள். கேட்பாரில்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடித்தது. பதினாறு கம்ப்யூட்டர்கள் புகைந்தன. முதலாளி அவளிடம் ஒரு தாளை நீட்டினார். 'நான் இணைப்பைச் சரியாகக் கொடுக்கவில்லை' என்று ஒரே ஒரு வரி. கடைப் பெயர் கெடாமல் இருக்கும், உன்னை வேலையிலிருந்து எடுக்க மாட்டேன் என்றார். இருபத்து நான்கு வயசு. கையெழுத்துப் போட்டாள்.

அந்த ஒரு வரி மூன்று வருஷம் அவளோடு பஸ்ஸில் ஏறி வந்தது. எங்கே போனாலும், "அரிசி மில்லு மிசினையெல்லாம் எரிச்ச பொண்ணுதான நீ?" கடைசியில் ஒருநாள் நேரே அந்த ஆலைக்கே போய் நடந்ததைச் சொன்னாள். ஆலைக்காரர் முழுக்கக் கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா?" என்று மட்டும் கேட்டாராம். அப்புறம் இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கண்ணாடி இழை போடும் வேலையை அவளிடமே கொடுத்தார். தனியாகத் தொழில் தொடங்கியது அப்படித்தான். "தப்புன்னா ஒத்துக்குவேன் சார். செய்யாத தப்புக்கு இனிமே ஒரு எழுத்து எழுத மாட்டேன்" என்று அவள் என்னிடம் சொன்னது டீ குடிக்கும்போது, சாதாரணமாக. நானும் தலையாட்டிவிட்டு வடையை எடுத்துக்கொண்டேன்.

இன்றைக்கு அவளிடம் வன்னியராஜ் என்கிற ஏணிக்காரர் இருக்கிறார், பள்ளம் தோண்ட கருத்தையா இருக்கிறார். ஆற்றோரத்தில் இரண்டடி தோண்டினால் தண்ணீர், மேட்டில் தோண்டினால் பாறை. எந்த இடத்தில் எது என்று கருத்தையா செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்த்தே சொல்லிவிடுவார். திருச்செந்தூர் விடுதிகளில் உப்புக்காற்று ஆறே மாதத்தில் ஒயர் முனைகளைத் தின்றுவிடும், அங்கே அவளுக்கு வேறு முறை. இருபத்து மூன்றாம் வருஷ வெள்ளத்தில் ஆற்றங்கரையில் ஓர் அலுவலகம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் ஒயரை மாற்றச் சொன்னார்கள். "மிசினை மாத்துங்க. கண்ணாடிக்குத் தண்ணி என்ன செய்யும்?" என்றாள். மாற்றவில்லை. இன்னும் ஓடுகிறது.

எங்கள் கல்லூரி வேலைக்கு வருகிறேன். பழைய கட்டடத்தில்தான் சர்வர் அறை, அதாவது என் அறை. மைதானத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடம். அங்கே இருநூற்று நாற்பது கம்ப்யூட்டர்களோடு ஒரு பெரிய ஆய்வகம் கட்டினார் எங்கள் தாளாளர் மாரிராஜ். வேலைக்கு ஆள் எடுக்கும் ஆன்லைன் தேர்வுகளை நடத்தும் மையமாகக் கல்லூரியை ஆக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. இரண்டு கட்டடத்தையும் இணைக்கிற வேலை ஹெப்சிபாவுக்குக் கிடைத்தது. ஜூன் மாதம் கருத்தையா மைதானத்தின் ஓரமாக முந்நூறு மீட்டர் பள்ளம் எடுத்தார். அதில் கறுப்புக் குழாய், குழாய்க்குள் தலைமுடி மாதிரி ஆறு கண்ணாடி இழைகள். எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் அது 'கம்பி'தான். கண்ணாடி என்று நான் எத்தனை தடவை சொல்லியும் பயனில்லை, இப்போது நானும் கம்பி என்றே சொல்கிறேன்.

அவள் வேலை செய்வதைப் பார்த்தால் பொறுமை இல்லாதவனுக்கும் பொறுமை வந்துவிடும். "தோசைக்கல்லு அகலத்துக்குக் கொறஞ்சு வளைக்காத" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வாள். ஒவ்வொரு முனைக்கும் பெயர்ச்சீட்டு. இந்த முனையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே முந்நூறு மீட்டர் தாண்டி அந்த முனையிலும். ஆறு இழைகளும் என் அறையில் ஒரு தட்டையான இரும்புப் பெட்டிக்குள் வந்து முடிந்தன. பெட்டியின் முகத்தில் ஆறு வாய்கள். இரண்டு வாயில் மஞ்சள் ஒயர் செருகியிருக்கும், மற்ற நான்கும் உபரி. அந்த நான்கிலும் நீல நிறத்தில் குட்டி மூடிகள். வேலை முடிந்ததும் ஆறு இழைக்கும் அளவெடுத்து ஒரு கோப்பு கொடுத்தாள். நான் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். படித்தேனா என்று கேட்காதீர்கள்.

இனி என் திருவிளையாடல்.

ஆயுத பூஜை. எங்கள் கல்லூரியில் விடுமுறைக்கு முந்தைய நாள் சாயங்காலமே பூஜையை முடித்துவிடுவோம். எல்லா இயந்திரங்களையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை கொடுத்து வீட்டுக்குப் போனால் அப்புறம் விஜயதசமி கழிந்துதான் கை வைப்போம். பூஜை விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகப்படி. மேலோட்டமாகத் தூசி தட்டுகிற ஆள் இல்லை. ஈரத் துணியோடு, சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் முன் உட்கார்ந்தேன். ஹெப்சிபாவின் பெட்டி புதுசாகத்தான் இருந்தது, இருந்தாலும் நாலு மாதத் தூசி. மஞ்சள் ஒயர் இரண்டையும் பிடுங்கினேன். நீல மூடி நான்கையும் கழற்றினேன். மூடிகளைச் சோப்புத் தண்ணீரில் அலசி ஜன்னலில் காயவைத்தேன் என்றால் என் பக்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குள் தாளாளர் தட்டோடு வந்துவிட்டார். "இதுதான சாமி புது மிசினு?" என்று என்னிடம் வாத்சல்யமாகக் கேட்டு (நான் அவருக்கு எப்போதும் 'சாமி'தான்), வாய்களுக்கு மேலே வரிசையாக ஆறு சந்தனப் பொட்டு, அதன்மேல் தாராளமாகக் குங்குமம். அவர் போன பிறகு சிந்தியதைத் துணியால் ஒரு துடை துடைத்து, ஒயர்களையும் மூடிகளையும் அதனதன் வாயில் சரியாகச் செருகினேன். ஒன்றுகூட இடம் மாறவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

இரண்டு நாள் விடுமுறை. வெள்ளிக்கிழமை காலையில் தேர்வுக் கம்பெனியிலிருந்து மாதுரி என்ற பெண் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். சனிக்கிழமை தேர்வு. வெள்ளி மாலை மூன்று மணிக்கு ஒத்திகை. காலையிலேயே எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். பழைய கட்டடம் ஓடியது. புதுக் கட்டடத்தில் இருநூற்று நாற்பதில் ஒன்றுக்குக்கூட சர்வரோடு தொடர்பு கிடைக்கவில்லை. இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பூஜை ஞாபகமே வரவில்லை.

தாளாளர் போனில் ஹெப்சிபாவைப் பிடித்தார். "ஏம்மா, என்ன வேல செஞ்சு வெச்சிருக்க? புது பில்டிங்ல ஒரு மிசினும் ஓடல. நாளைக்குப் பரிச்ச!"

பதினொன்றரைக்கு அவளும் கருத்தையாவும் வந்து சேர்ந்தார்கள். தாளாளர் அவளை என் அறை வாசலிலேயே நிறுத்தினார். அவர் கையில் கல்லூரி முத்திரையோடு ஒரு தாள் இருந்தது.

"இந்தா பாரும்மா. நான் ஒன்ன ஏசல. 'கம்பி பழுது, மாத்த ரெண்டு நாள் ஆகும்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அதக் காட்டுனா பரிச்சைய அடுத்த வாரத்துக்குத் தள்ளிக் குடுப்பாங்க. இல்லன்னா சென்டரயே மதுரைக்குத் தூக்கிருவாங்க. ஒனக்கு என்ன, ஒரு வரிதான?"

மாதுரி மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கினாள். "ஒரு மணிக்குள்ள எனக்கு முடிவு தெரியணும் சார். அதுக்கப்புறம் தேதியை மாத்த முடியாது."

ஒரு வரிதான். அந்த வரியை அவள் எழுதியிருந்தால் கல்லூரிக்கு நிம்மதி, மாதுரிக்கு நிம்மதி. சாயங்காலத்துக்குள் வண்ணார்பேட்டைக் கடைகள் எல்லாவற்றுக்கும் சேதி போயிருக்கும். ஹெப்சிபா போட்ட கம்பி நாலு மாதத்தில் போச்சு என்று. அப்புறம் அவளுக்கு யார் சுவரைத் துளைக்க விடுவார்கள்? இதெல்லாம் எனக்குத் தெரியும், தாளாளருக்கும் தெரியும்.

ஹெப்சிபா தாளை வாங்கவே இல்லை. "கம்பி பழுதுன்னா எழுதுவேன் அண்ணாச்சி. நான் இன்னும் பாக்கலியே."

"பாக்காமலே தெரியுதே, ஓடலன்னு!"

"ஓடலன்னுதான் தெரியுது. ஏன் ஓடலன்னு தெரியல. ஒரு மணி நேரம் குடுங்க."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டர. அதுக்கு மேல நிக்காத" என்று சொல்லிவிட்டு மாதுரியைக் கூட்டிக்கொண்டு தன் அறைக்குப் போனார்.

கருத்தையாவைப் புதுக் கட்டடத்துக்கு அனுப்பினாள். "அங்கன பெட்டி பூட்டிருக்கான்னு பாருங்க. பக்கத்துலயே நில்லுங்க, போன் பண்ணுதேன்." பூட்டியே இருந்தது, சாவி அவளிடம்தான். அப்புறம் என் ரேக்கின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பொட்டு வைத்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சார், இந்தப் பெட்டில யாராது கை வெச்சாங்களா?"

"இல்லையே" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி, கேள்வி முடிவதற்குள் சொன்ன 'இல்லை'. சொன்ன பிறகுதான் ஜன்னலில் காயவைத்த நீல மூடிகள் ஞாபகம் வந்தன. 

அவள் மஞ்சள் ஒயரை மெல்ல உருவினாள். பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கருவியை எடுத்து அதன் முனையைப் பெட்டியின் வாய்க்குள் விட்டாள். கையடக்கத் திரை ஒன்றில் ஒரு பெரிய வட்டம் தெரிந்தது. வட்டத்தின் நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. "இந்தப் புள்ளிக்குள்ளதான் சார் வெளிச்சம் போணும்" என்றாள். புள்ளியையே காணவில்லை. கருங்கல் ஜல்லியைக் கொட்டி வைத்த மாதிரி கறுப்புக் கட்டிகள்தான் இருந்தன. அடுத்த வாய், அதற்கடுத்த வாய், உபரியாக இருந்த நான்கும் அதே கதை. நான் துணியால் துடைத்த துடைப்பில் ஆறு வாய்க்கும் சமமாகப் பங்கு போயிருந்தது.

வெள்ளை நாடா ஒன்றை எடுத்து ஒயரின் முனையை அதில் ஒரு இழு இழுத்தாள். நாடாவில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அதை என் முன்னால் நீட்டினாள்.

"குங்குமம் தானா நடந்து உள்ள போவாது சார்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பூஜைக்குத் துடைச்சேன்மா. ஒயரைப் பிடுங்கிட்டுத் துடைச்சேன். தாளாளர்தான் பொட்டு வெச்சார். இத்தனூண்டு தூசிகூட அதுக்கு ஆகாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"குடுத்த ஃபைல்ல ரெண்டாவது பக்கத்துல இருக்கு சார்."

 அவள் திட்டவில்லை. நாடாவை மடித்து ஒரு சின்னப் பையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். போன வருஷம் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற மறந்த ஒருவரைத் தாளாளர் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார். எனக்கு ஒரே வருஷம் பாக்கி.

"சத்தம் போடாம துடைச்சுக் குடுத்துடேன். ஓடிட்டா யாரு கேக்கப் போறா?" என்றேன்.

"கேக்க மாட்டாங்க சார், பேசுவாங்க. ஹெப்சிபா வந்தா, என்னமோ நோண்டுனா, சரியாயிட்டுன்னு. அப்ப பழுது யாரு மேல?"

"அப்போ குங்குமம்னு நீயே சொல்லிடு."

அவள் கை நின்றது. "நான் சொன்னா, வேதக்காரப் பொம்பள பூசையக் குத்தம் சொல்லுதான்னு ஆயிரும். நீங்க சொன்னா வெறும் தூசி." அப்புறம் தணிந்த குரலில் சொன்னாள்: "ஒங்களச் சொல்லுங்கன்னு கேக்க மாட்டேன். நான் பொய்யும் சொல்ல மாட்டேன். அவ்வளவுதான் சார்."

 ஒவ்வொரு வாயாகச் சுத்தம் செய்து, திரையில் பார்த்து, மறுபடி சுத்தம் செய்தாள். பெட்டியைத் திறந்து உள்பக்க முனைகளையும் துடைத்தாள். ஒரு முனையில் குங்குமம் கீறல் போட்டிருந்தது, அதை ஒதுக்கிச் சிவப்பு ஒட்டுச்சீட்டு ஒட்டினாள். மஞ்சள் ஒயர் இரண்டையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பையிலிருந்து புதுசு எடுத்துச் செருகினாள். போனில் கருத்தையாவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பச்ச லைட்டு வந்துட்டு தாயி! ரெண்டும் வந்துட்டு!"

பன்னிரண்டு இருபது. தாளாளர் வந்தார், மாதுரி வந்தாள், வேடிக்கை பார்க்க ஏழெட்டுப் பேராசிரியர்களும் வந்தார்கள். புதுக் கட்டடத்தில் எல்லாம் ஓடுகிறது என்று மாதுரி தன் மடிக்கணினியிலேயே பார்த்துச் சொன்னாள். தாளாளர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடுதான் அதைச் சொன்னார்.

"ஓடுது, சந்தோஷம். அப்ப பழுது ஒங்கிட்டதான இருந்திருக்கு? இதத்தான் நான் காலைலயே சொன்னேன்."

"இல்ல அண்ணாச்சி. கம்பி நல்லாருக்கு. பெட்டி வாய்க்குள்ள குங்குமம் போயிருந்தது." பையிலிருந்த நாடாவை எடுத்து மேஜைமேல் விரித்து வைத்தாள்.

 பின்னாலிருந்து யாரோ ஒருவர், "ஓஹோ, இப்ப நம்ம பூசைலதான் குத்தமாக்கும்" என்றார். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் வேண்டாம். தாளாளரின் முகம் மாறிவிட்டது.

"நான் மேலதானம்மா வெச்சேன், நெத்தில வைக்கிற மாதிரி. உள்ள எப்பிடிப் போகும்? ஒயரு செருகியிருந்தா போவாதுலா. எவன் பிடுங்குனது?"

"அன்னைக்கு நான் இங்கன இல்ல அண்ணாச்சி. இருந்தவங்கள்ட்டதான் கேக்கணும்."

என் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒருத்தரும் பிடுங்கவில்லை என்றால் குங்குமம் உள்ளே போயிருக்காது. போயிருக்காது என்றால் அவள் சொல்வது பொய். நாடாவில் சிவப்பை அவளே பூசியிருக்கலாம் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். தாளாளர் காலையில் கொண்டுவந்த தாள் இன்னும் அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. அதன் முனை வெளியே தெரிந்தது.

"நான்தான்" என்றேன்.

என் குரல் எனக்கே புதுசாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் சொன்னேன். "பூஜைக்குத் துடைக்கணும்னு ரெண்டு ஒயரையும் பிடுங்கினேன். மூடியையும் கழற்றினேன். நீங்க பொட்டு வெச்சப்போ ஆறு வாயும் திறந்துதான் இருந்தது. அப்புறம் சிந்தினதை ஈரத் துணியால துடைச்சேன். இந்தம்மா காலையில வந்து கேட்டப்போ யாரும் தொடலைன்னு பொய் சொன்னேன்."

தாளாளர் என்னையே பார்த்தார். "சாமி, நீரா?" என்றார். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் முன்னால் நான் ஒரு முழு வாக்கியம் பேசியது அதுதான் முதல்முறையாக இருக்கும்.

ஹெப்சிபா தன் பழுதுப் புத்தகத்தைத் திறந்தாள். எந்த இடத்துக்குப் போனாலும் அதில் ஒரு தாள் நிரப்பிப் பிரதி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவாள். தேதி, இடம், நேரம் எல்லாம் எழுதினாள். 'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நீங்க எழுதுங்க சார். செஞ்சவங்க எழுதுனாத்தான் சரி."

எல்லோரும் பார்க்க எழுதினேன். 'ஆயுத பூஜையின்போது பெட்டியில் குங்குமம் விழுந்ததால்.' எழுதி அவளிடம் கொடுத்தேன். நல்லபடியாக எழுதிவிட்டதாகத்தான் நினைத்தேன்.

அவள் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். "பூசைய அடிச்சிருங்க சார்."

"ஏம்மா? அன்னிக்குத்தானே நடந்தது?"

"இந்த ரூம்ல எல்லா மிசினுக்கும் குங்குமம் வெச்சிருக்கு. எல்லாம் ஓடுதுலா? பிடுங்குனது மட்டுந்தான் ஓடல. பூசை காரணம் இல்ல. பிடுங்குனதுதான் காரணம்."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒத்துக்கொள்ளும்போதுகூட நான் சாமிக்குப் பின்னால் போய் ஒளிந்திருக்கிறேன். எந்தப் பழி தன்மேல் வரும் என்று அவள் பயந்தாளோ, அந்தப் பழிக்கு நானே கையெழுத்தோடு ஆதாரம் எழுதிக் கொடுக்க இருந்தேன். வெட்கமாக இருந்தது. குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே எழுதினேன். 'ஒயரையும் மூடிகளையும் பிடுங்கித் துடைத்ததால். பிடுங்கியவர் சுந்தர்ராமன்.' கையெழுத்துப் போட்டேன்.

தாளாளர் கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். அடித்திருந்த வரியை முதலில் படித்தார். அப்புறம் என் வரியை. அப்புறம் ஹெப்சிபாவை நிமிர்ந்து பார்த்தார். பின்னால் நின்று பேசியவரைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அந்த ஆள் கூட்டத்திலிருந்து நழுவிவிட்டார்.

"கடைசில ஒரு கட்டம் காலியா கெடக்கே, அது யாருக்கும்மா?"

"ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி. கம்பியோட நெலம என்னன்னு எடத்துக்காரங்க எழுதணும்."

தாளாளர் நின்றபடியே என் மேஜைமேல் குனிந்து பேனாவை எடுத்தார். அவர் எழுதி முடிக்கும்வரை ஹெப்சிபா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். 'கம்பியில் பழுதில்லை' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்துக் கிழித்து என் குப்பைக் கூடையில் போட்டார்.